அவர் உதட்டுக்கு அவள் வசனம்

தூத்துக்குடியில் மக்ரூன் கடைக்கு மேல்மாடியில் ஹாலிவுட் இருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாதவர்கள் ஏறிப் பார்க்கலாம். படி செங்குத்து, கைப்பிடி ஆடும். மேலே நயினார் அண்ணாச்சியின் ஒலிப்பதிவுக் கூடம். ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி, பல் ஆஸ்பத்திரித் திறப்பு விழா, வார்டுத் தேர்தல் என்று ஆட்டோவில் குழாய் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றும் குரல்களெல்லாம் அங்கேதான் பிறந்தன. கடையில் முட்டையை உடைத்துவிட்டு அட்டையை அவருக்குக் கொடுத்துவிடுவார்கள்; அவர் அதைச் சுவரில் ஒட்டிச் சத்தத்தை அடக்கிவைத்திருந்தார். கீழே வெள்ளைக்கரு அடிக்கிற மிஷின் ஓடினால் மேலே வேலை நிற்கும். தட்டு அடுப்புக்குள் போன பிறகுதான் கதாநாயகி அழலாம்.

சென்னைக் கம்பெனி ஒன்று, உரிமைக்காலம் முடிந்துபோன பழைய அமெரிக்கக் கறுப்பு வெள்ளைப் படங்களை அண்ணாச்சிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. தமிழில் குரல் கொடுத்தால் ஜனம் செல்போனில் பார்க்கும். சென்னையில் ஆளில்லையா, ஏன் இங்கே என்றால், இங்கே மலிவு. மலிவாயிருந்தால் மட்டமாயிருக்க வேண்டும் என்று சட்டமா என்ன? கதாநாயகிகளுக்குப் பேச்சிச்செல்வி இருந்தாள். பாதி ஊரை ஜவுளிக்கடைக்கு இழுத்துக்கொண்டு போன தொண்டை. வசனம் எழுத மாதுரி இருந்தாள்.

மாதுரிக்குப் பிறந்த ஊர் ஆழ்வார்திருநகரி. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். கோயிலில் பாசுரம் சேவிக்கிற கோஷ்டியில் ஒருவர். கோஷ்டியில் பெண்களுக்கு இடம் கிடையாது. ஆனால் வீட்டில் சொல்லிப் பார்க்கும்போது அப்பா தடுக்கி நின்றால், அடுக்களையிலிருந்து அடி எடுத்துக் கொடுத்தது மாதுரிதான். ஞாபகம்தான் அவளுடைய நகை. கல்யாணத்தில் போட்ட மற்றதெல்லாம் லாக்கரில் கிடந்தது. இதை மட்டும் தினமும் போட்டுக்கொண்டாள்.

வேற்றுமொழிப் படத்துக்கு வசனம் எழுதுவதில் அர்த்தம் இரண்டாம்பட்சம். முதலில் உதடு. திரையில் உதடு மூடினால் தமிழில் அங்கே ஒரு 'ப'வோ 'ம'வோ வந்து விழ வேண்டும். குவிந்தால் ஓர் 'உ', ஓர் 'ஓ'. அதனால் மாதுரி சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் முதலில் படம் பார்ப்பாள். சாம்பல் நிற முகங்கள் தண்ணீருக்கடியில் பேசுவதுபோல் பேசும். புகை எழும்பும், கண்ணிமை தாழும், முத்துமாலை அசையும். பார்க்கப் பார்க்க அந்த வெளிச்சம் அறைக்குள் நிறைந்து, தன் கையே தனக்குக் கறுப்பு வெள்ளையாகத் தெரியும்.

அப்படிப் பார்த்ததில் அவள் ஒன்றைக் கண்டுகொண்டாள். முப்பதுகளின் படத்துப் பெண்கள் வாயை மூடுவதே இல்லை. பத்திரிகை ஆபீஸ் மேஜைமேல் ஏறி உட்கார்ந்து, தொப்பியைச் சாய்த்துவிட்டு, ஆண் ஒரு வார்த்தை சொல்வதற்குள் மூன்றைத் திருப்பிக் கொடுப்பார்கள். தமிழ் பின்னாலேயே ஓடி மூச்சுவாங்கும். யுத்தம் வந்ததும் கால்சட்டை, கையில் ஸ்பேனர். பேச்சு குறைவு, வார்த்தை ஒவ்வொன்றும் ஆணி. யுத்தம் முடிந்ததோ இல்லையோ, அதே பெண்கள் ஏப்ரன் கட்டிக்கொண்டு அடுப்புக்குள் கேக்கைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். 'காபி கலக்கட்டுமா?' 'நீங்கள் சொன்னால் சரிதான்.' பக்கத்துக்கு நாலு வரி தேறாது.

"வசனம் கொறஞ்சா வேலை மிச்சந்தானம்மா" என்றார் நயினார் அண்ணாச்சி.

வாயை யார் மூடியது என்று எந்தப் படத்திலும் காட்டவில்லை. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே, யாரும் பார்க்காதபோது அது நடந்துவிட்டிருந்தது.

இடையில் இன்னொரு ஜாதிப் படமும் உண்டு. பெரிய வீடு, வளைந்த மாடிப்படி, மெத்தென்று பேசுகிற கணவன். இப்போது கையிலிருந்தது அந்த மாதிரி ஒன்று. கணவன் மனைவியின் கையுறையை ஒளித்துவைப்பான், கடிகார முள்ளைத் தள்ளிவைப்பான், அப்புறம் விருந்தாளிகளுக்கு முன்னால் அவள் தோளைத் தடவி, "பாவம், களைத்துப்போயிருக்கிறாள்" என்பான். அவளும் மெல்ல மெல்ல அதை நம்புவாள்.

மாதுரியின் கணவர் தேசிக் துறைமுகத்தில், கப்பல் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கிற ஒரு கிளியரிங் ஏஜென்சியில் மேனேஜர். சரக்கு இறக்குகிற வியாபாரியிடம் "ஆபீசர் ரொம்பக் கறார்" என்பார். ஆபீசரிடம் "பாவம் சார், வியாபாரி நொடிச்சுப்போனவர்" என்பார். அந்த இருவரும் நேரில் சந்திக்காதவரை இருவருக்கும் அவர்தான் தெய்வம். நல்ல தொழில். குரலை உயர்த்தவே வேண்டியதில்லை.

வீட்டிலும் அவர் உயர்த்தியதில்லை. மாதுரியின் மூக்குக் கண்ணாடி பெருமாள் அலமாரிக்குள்ளிருந்து கிடைத்தது. "விளக்கேத்தறச்சே நீதானே வெச்சே" என்றார். அடுப்பை அணைக்காமல் போனாய் என்றார். சாத்தமுதில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாய் என்றார். உப்பளத்து ஊரில் பத்தொன்பது வருஷம் குடித்தனம் பண்ணியவள் ரசத்தை நாக்கில் விட்டுப் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. அல்லது நாக்கும் போயிற்றோ? கோபித்தால் திருப்பிக் கோபிக்கலாம். அவர் இரக்கப்பட்டார். ஆழ்வார்திருநகரிக்கு அவரே போன் போட்டு, "மாதுரிக்குக் கொஞ்சம் மறதி. நீங்க ஒண்ணும் கேட்டுக்க வேண்டாம், நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவைத்திருந்தார். அதற்குப் பிறகு அம்மா அவளோடு குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினாள்.

ஏன் இப்படி என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. ஒலிப்பதிவு நாட்களில் மாதுரி வேறெங்கோ பார்க்கிற கண்களோடு வீடு திரும்பினாள். அது அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று காலை இட்லித் தட்டை நகர்த்திவைத்துவிட்டுச் சொன்னார். "நேத்து நயினார் போன் பண்ணினார்."

"என்ன விஷயமாம்?"

"இந்தப் படத்தோட போதும்ங்கறார். வேற ஆள் பார்த்துண்டாராம். உன் மனசு நோகக் கூடாதுன்னு என்கிட்டச் சொல்றார், நல்ல மனுஷன்."

மாதுரியின் கையில் டம்ளர் நின்றது. "ஏனாம்?"

"உனக்கே தெரியுமே. தப்புத் தப்பா எழுதறியாம். போன மாசமே சொன்னேனே, இப்படி ஆகும்னு. அதுவும் மறந்துடுத்தா?"

மறந்துதான் போயிருக்க வேண்டும். அவளுக்கு எதுவும் ஞாபகமில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனாள். வெளியே உப்பளத்தில் வெள்ளைக் குவியல்கள், கறுத்த பாத்திகள், வெளுத்த வானம். எல்லாமே படச்சுருளிலிருந்து வெட்டி ஒட்டியதுபோல் ஓசையில்லாமல் பின்னால் போயின. அந்தப் பெரிய வீட்டின் மாடிப்படி இந்த ரோட்டில்தான் எங்கோ இறங்குகிறது என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அண்ணாச்சியிடம் நேரே கேட்டிருக்கலாம். ஆனால் அவள் வளர்ந்த வீட்டில் அந்த வழக்கம் இல்லை. வேண்டாம் என்று ஒருவர் சொல்லிவிட்டால், அது காதில் விழுந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் எழுந்து போவதுதான் அங்கே மரியாதை. இந்த மரியாதையால் லாபம் பார்த்தவர்கள் யாரென்று கணக்கெடுத்தால், மரியாதைக்காரர்கள் பெயர் அதில் இருக்காது.

"என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?" என்றாள் பேச்சிச்செல்வி.

"ஒண்ணுமில்லே. ஆரம்பிக்கலாம்."

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் சின்ன அறை. மைக்கின் முன்னால் பேச்சிச்செல்வியும், வரி எடுத்துக் கொடுக்க மாதுரியும் தோளிடிக்க நின்றார்கள். அந்தப் பக்கம் அண்ணாச்சி, விசைப்பலகை, ஒலிபெருக்கி. இங்கே பேசுவது அவருக்கு எப்போதும் கேட்கும். அவர் பொத்தானை அழுத்தினால்தான் அவர் குரல் இங்கே வரும். திரையில் கணவன் கையுறையைப் பியானோவுக்குள் போட்டு மூடினான். மனைவி தேடினாள்.

"ஏளா, பியானோவுக்குள்ள பாருளா!" பேச்சிச்செல்வி திரையை அதட்டினாள். "ஒரு ஆளு முழிக்கிற முழியப் பாத்தா தெரியாண்டாமா? இவ எதுக்குக்கா மன்னிப்புக் கேக்கா? ஒளிச்சு வச்சவன் அவன்லா?"

"அவளுக்குத் தெரியாதே."

"நமக்குத் தெரியுதுல்லா?"

"நாம வெளியில நிக்கறோம் செல்வி. அவ உள்ளே இருக்கா."

சொல்லிவிட்டு மாதுரி தான் சொன்னதையே கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது அண்ணாச்சியின் பக்கத்துக் கதவு திறந்தது. தேசிக் உள்ளே வந்தார். கையில் ஹெல்மெட், முகத்தில் வியாபாரிக்கும் ஆபீசருக்கும் காட்டுகிற அந்தச் சிரிப்பு. கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, அண்ணாச்சியின் பக்கம் குனிந்து பேச ஆரம்பித்தார். அண்ணாச்சி படத்தை நிறுத்தினார்.

கண்ணாடிக்கு அப்பால் சத்தமில்லாத ஒரு முகம். விளக்கு அதன் ஒரு பாதியில் மட்டும் விழுந்தது. உதடு குவிந்தது, மூடியது, விரிந்தது. மாதுரி வேண்டுமென்று செய்யவில்லை. எழுதுகிறவர்களுக்குக் கையில் ஓர் அரிப்பு உண்டு, அதுதான். அதோடு அந்த வாய்க்கு எந்த இடத்தில் எந்த வார்த்தை வரும் என்பது அவளுக்குப் பாசுரத்தைவிட நன்றாக மனப்பாடம். மைக்கின் முன்னால் நின்றபடி மெல்லச் சொன்னாள்:

"ஒண்ணுமில்லே அண்ணாச்சி... மாதுரிக்கு உடம்பு முடியலே. இந்தப் படத்தோட போதும்னு அவளேதான் சொல்றா."

உதடு நின்றது. அவளும் நின்றாள். மறுபடி அசைந்தது.

"உங்க முகத்தைப் பார்த்துச் சொல்ல சங்கடப்படறா. அதனாலதான் என்னை அனுப்பினா. நீங்க அவகிட்ட எதுவும் கேக்க வேண்டாம். பாவம், மறதி வேற."

வரி முடிந்து உதடு பொருந்திய பிறகுதான் அர்த்தம் வந்து சேர்ந்தது. நானா சொன்னேன்? எப்போது?

அந்தப் பக்கம் நயினார் அண்ணாச்சி ஒலிபெருக்கியைப் பார்த்தார், தேசிக்கின் வாயைப் பார்த்தார், மறுபடி ஒலிபெருக்கியைப் பார்த்தார். தேசிக் தாமதமாகத்தான் உணர்ந்தார். தன் பேச்சு தன் மனைவியின் குரலில், ஓர் இமைப்பொழுது பின்னால், அறை முழுக்க வந்துகொண்டிருந்தது. திறந்த வாய் அப்படியே இருந்தது.

அண்ணாச்சி பொத்தானை அழுத்தினார். "மாதுரியம்மா, சார் சொல்லுதது நெசமா? நீங்க நின்னுக்கிடுதேன்னு சொன்னீங்களா?"

"நான் எங்கே சொன்னேன்? நீங்கதான் வேற ஆள் பார்த்தாச்சுன்னு நேத்து இவருக்குப் போன் பண்ணினேளாமே?"

"நானா? சார் நம்பரே எங்கிட்ட கெடையாதே!"

பேச்சிச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, வேறெதுவுமா என்று தெரியவில்லை.

தேசிக் சிரித்தார், நல்ல பழக்கம், எந்த இடத்திலும் கைகொடுக்கும். அண்ணாச்சியின் விசைப்பலகையிலிருந்த மைக்கின் பக்கம் குனிந்தார். "மாதுரி, நான் அப்படியெல்லாம் சொல்லலையே. உனக்குத்தான் அப்படித் தோணறது. நன்னா யோசிச்சுப் பாரு."

எப்போதும்போல் அந்தக் குரல் இதமாக, வெந்நீர் ஒத்தடம் மாதிரி வந்தது. வழக்கமாக இந்த இடத்தில் அவள் யோசிக்க ஆரம்பிப்பாள். யோசிக்க யோசிக்கக் கால் நழுவும். இன்று அவள் அவரைப் பார்க்காமல் அண்ணாச்சியைப் பார்த்தாள்.

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். துறைமுகத்து ஆளைப் பகைத்துக்கொள்ளுகிறோமே என்ற யோசனை அவருக்கும் இருந்திருக்கும். ஆனால் தொழில் என்று ஒன்று இருக்கிறதே. "இல்ல சார்... அப்படியே பொருந்துச்சு. ஒரு எழுத்து பெசகல."

தேசிக்கின் முகத்தில் விளக்கு விழுந்த பாதிக்கும் விழாத பாதிக்கும் இப்போது வித்தியாசம் தெரியவில்லை. "கீழே நிக்கறேன். ஆத்துக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாதுரி ஸ்டூலில் உட்கார்ந்தாள். மூக்குக் கண்ணாடி, அடுப்பு, உப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள், ஒன்றில்கூட தன் கை தெரியவில்லை. பேச்சிச்செல்வி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குடித்துவிட்டு மாதுரி கேட்டாள், "அண்ணாச்சி, அடுத்த படம் எப்போ வர்றது?"

"திங்கக்கெழம. யுத்தப் படமாம். பொம்பளைகதான் ப்ளேன் ஓட்டுதாளுவளாம்."

"எனக்கு அனுப்பிடுங்கோ."

கீழே மக்ரூன் தட்டு அடுப்பிலிருந்து இறங்கியிருந்தது. முந்திரியும் கருகிய சர்க்கரையும் கலந்த வாசனை தெருவரைக்கும் மிதந்தது. கடை வாசலில் நாலைந்து பேர் பொட்டலத்துக்காக நின்றார்கள். தேசிக் ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணிவைத்திருந்தார். "ஏறிக்கோ" என்றார் தணிந்த குரலில். "ஆத்துல போய் நிதானமா..."

"இங்கேயே பேசலாம்னா." அவள் குரல் கொஞ்சம் உரக்கவே வந்தது. பொட்டலம் கட்டுகிறவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தெருவிலயா? நன்னாவா இருக்கு?"

"ஒரே கேள்விதான். நான் வேண்டாம்னேன்னு அண்ணாச்சிகிட்டச் சொன்னேளா, இல்லையா?"

ஸ்கூட்டர் தடதடத்துத் தானே அணைந்தது. கடலிலிருந்து வந்த காற்று சர்க்கரைத் தூளைக் கிளப்பி, இருவருக்கும் நடுவே வெள்ளையாக மிதக்கவிட்டது. தேசிக்கின் உதடு குவிந்தது, மூடியது, மறுபடி குவிந்தது. அதற்கு என்ன வசனம் சரியாக இருக்கும் என்பது மாதுரிக்கு நன்றாகத் தெரியும். அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. காத்துக்கொண்டு நின்றாள்.