மூன்றாம் பாதையின் பலகைப் பாலம்

விஜயராணி புக்கிட் மெங்குவாங் வனப் பூங்காவில் ஒன்பது வருடம் பாதை பராமரித்தவள். பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தை முதலாளிகள் வீடுகள் கட்ட விற்றுவிட்ட பிறகு பாயா ரும்புட் அடுக்குமாடிக்குக் குடிவந்து, பூங்கா வேலையைக் குத்தகை எடுத்திருந்த கம்பெனியில் சேர்ந்தாள். மழை பெய்தால் எந்தத் திருப்பத்தில் மண் சரியும், எந்த மெராந்தி மரம் கிளையை உதறும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. விடிந்ததும் பாராங் கத்தியையும் மண்வெட்டியையும் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போவாள். அட்டைக்குப் பயந்து காலுறையை முழங்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஆட்கள் நடக்க வரும் நேரத்தில் பாதி வேலை முடிந்திருக்கும்.

வருகிறவர்கள் அவளைப் பார்த்தும் பாராததுபோல் போவார்கள். தேவமலர் டீச்சர் அப்படியில்லை. அலோர் காஜாவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் வருவார், நின்று நாலு வார்த்தை பேசுவார். "ராணி, நீ பாதையப் பாத்துட்டேன்னா நான் கண்ண மூடிக்கிட்டு நடப்பேன்லா" என்று ஒருமுறை சொன்னார். அன்று முழுக்க அவளுக்கு வேலை பாரமாகவே தெரியவில்லை.

மூன்றாம் பாதையில் ஓடையைக் கடக்க ஒரு பலகைப் பாலம் உண்டு. போன வருடம் மழைக்காலம் முடிந்ததும் அதில் பாராங் முனையை வைத்து அழுத்திப் பார்த்தாள். ஊறிய ரொட்டியில் இறங்குவதுபோல் இறங்கியது. உடனே படம் எடுத்து, நடந்து போக லாயக்கில்லை என்று குரல் பதிவும் பேசி, சூப்பர்வைசர் விமலனுக்கு அனுப்பினாள். விமலன் அதே தோட்டத்துப் பையன், பக்கத்து புளோக்கில் குடியிருப்பவன். "பாத்துட்டேன்கா. ஆபீஸ்ல சொல்லி மாத்திடலாம்" என்று பதில் வந்தது. இரண்டு வாரம் போயிற்று. யாரும் வரவில்லை. விஜயராணியே பாலத்தின் இரண்டு முனையிலும் கயிறு கட்டி வழியை மறித்தாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் விமலன் வந்து அந்தக் கயிற்றை அவிழ்த்தான். மறுநாள் பூங்காவில் பெருநடை, ஊரே திரண்டு நடக்கும் நிகழ்ச்சி.

"என்னா விமலா, பலகை உளுத்துப் போச்சுன்னு சொன்னேனே?"

"நாளைக்கு ஒருநாள்தானே அக்கா. பெரிய ஆளுங்கல்லாம் வர்றாங்க, கயிறு கட்டி வச்சா அசிங்கமா இருக்கும்லா. திங்கக்கெழம ஆள விட்டு மாத்திடறேன்."

"யாராச்சும் விழுந்தா?"

"இத்தன நாளா விழுந்தாங்களா?"

மறுநாள் பெரிய ஆட்கள் முதல் பாதையில் நூறடி நடந்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள். மூன்றாம் பாதைக்கு வந்தவர்களில் தேவமலர் டீச்சரும் ஒருவர். அவர் கால் வைத்த பலகை இரண்டாக முறிந்தது. கீழே பாறை. இடுப்பெலும்பு போயிற்று. தூக்குப் படுக்கை வரும்வரை விஜயராணி ஓடைத் தண்ணீரில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் தாங்கியிருந்தாள். டீச்சர் வலியில் அவள் கையைக் கடித்துவிட்டார்.

திங்கட்கிழமை சாயங்காலம் விமலன் மனைவியோடு வீட்டுக்கு வந்தான். அவளுக்கு ஏழு மாதம். அவன் கையில் மலாயில் டைப் செய்த ஒரு தாள் இருந்தது. பாலம் கெட்டிருந்ததைத் தான் கவனிக்கவில்லை, மேலிடத்துக்குச் சொல்லவில்லை என்று விஜயராணி ஒப்புக்கொள்வதாக அதில் எழுதியிருந்தது.

"ஒங்களுக்கு ஒரு வார்னிங் லெட்டர், அவ்ளோதான்கா. எனக்குன்னா வேலையே போயிடும்" என்றான். அவன் மனைவி விஜயராணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

படமும் குரல் பதிவும் அவன் பதிலும் அவள் போனில்தான் இருந்தன. அது அவளுக்கு நினைவில்லாமல் இல்லை. தோட்டத்தில் ஒரே லயத்து வீடுகளில் பிறந்து வளர்ந்த பையன், வயிற்றுப் பிள்ளைக்காரி வாசல் தேடி வந்து அழுகிறாள் என்று மனம் இளகிப் போயிற்று. கையெழுத்துப் போட்டாள்.

பத்தாம் நாள் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். விமலனுக்குப் போன் செய்தாள். அவன் எடுக்கவில்லை. பிறகு அந்த நம்பர் மணியடிப்பதே நின்றுபோயிற்று.

அலோர் காஜாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவச் சேர்ந்தாள். நான்கு மாதம் கழித்து, மருமகளோடு கோல் ஊன்றிக்கொண்டு டீச்சர் அந்தக் கடைக்கு வந்தார். தப்பு தன்னுடையது என்று அவள் எழுதிக் கொடுத்தது அவருக்குத் தெரிந்திருந்தது; விஜயராணியைக் கண்டதும் வந்த வழியே திரும்பினார். அவள் ஈரக் கையோடு பின்னாலேயே ஓடி, கடை முன் ஐந்தடி நடைபாதையில் மறித்து, போனில் எல்லாவற்றையும் காட்டி, கயிற்றை விமலன் அவிழ்த்ததையும் சொன்னாள். டீச்சர் குரல் பதிவை முழுக்கக் கேட்டார்.

"இத ஏன் அன்னைக்கே காட்டல?"

"அவன் பொண்டாட்டி புள்ளத்தாச்சி, டீச்சர். பாவமா இருந்துச்சு."

"ஒம் பாவத்துக்கு எம் இடுப்புதான் கெடச்சுச்சா? கயிற அவுத்தவன் இன்னும் அங்கதான் நிக்கிறான். நாளைக்கு இன்னொருத்தி விழுவா. அப்பவும் நீ அவனுக்குப் பாவம் பாப்ப."

மறுநாளே விஜயராணி மகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பூங்கா அலுவலகத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தாள்.

ஐந்து வாரத்தில் கடிதம் வந்தது. மகள் படித்துச் சொன்னாள். விமலன் வேறொரு பூங்காவுக்கு மாற்றப்பட்டிருக்கிறான், அதே பதவியில். பொய் வாக்குமூலம் கொடுத்த குற்றத்துக்காக விஜயராணி இனி எந்தப் பூங்காவிலும் வேலை செய்யக் கூடாது.

புகார் கொடுத்ததை டீச்சரிடம் காட்ட, அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். மருமகள் கேட்டைத் திறக்காமல், "அத்தை தூங்குறாங்க" என்றாள்.

உள்ளேயிருந்து டீச்சரின் குரல் தெளிவாகக் கேட்டது. "யாரும்மா அது?"

மருமகள் விஜயராணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "யாரும் இல்ல, அத்தை."

உள்ளே மறுபடி யாரும் கேட்கவில்லை. கடையில் மத்தியானக் கூட்டம் தொடங்கும் நேரம். விஜயராணி கடிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி வெயிலில் நடந்தாள்.