ஏழு நொடிக்குள்

பந்தயக் கார் தீப்பிடித்தால் ஓட்டுநர் யார் உதவியும் இல்லாமல் ஏழு நொடிக்குள் வெளியே வந்து நிற்க வேண்டும். பிரிஜாவுக்கும் அவளுடைய பழைய இருக்கைக்கும் நடுவில் அந்த ஏழு நொடிதான் கிடந்தது.

மணவாளக்குறிச்சிப் பக்கத்து மீன்பிடிக் குடும்பம். அப்பா துபாயில் ஒரு கோ-கார்ட் தடத்தில் வேலை பார்த்தார். பள்ளி லீவுக்கு அங்கே போனவள் வளைவுகளைக் கனவில்கூட ஓட்டத் தொடங்கி, நாட்டின் முதல்நிலைப் பந்தயம்வரை வந்துவிட்டாள். போன வருடம் கார் சுவரில் மோதி வலது கணுக்கால் நொறுங்கியது. எலும்பு கூடிவிட்டது, பாதம் மட்டும் பாதிக்கு மேல் மடங்காது. ஆக்சிலேட்டரை அமுக்க அந்தப் பாதி போதும். பிரேக்குக்கு இடது கால் இருக்கிறது. சிமுலேட்டரில் பழைய வேகத்தையே ஓட்டிக் காட்டினாள். காரைவிட்டு எழுந்திருப்பதுதான் நடக்கவில்லை. இரண்டு வாய்ப்பு தருவதாகவும், இரண்டும் தவறினால் இருக்கை வேறு ஆளுக்குப் போய்விடும் என்றும் அணி மேலாளர் சபிதா போனில் சொல்லிவிட்டாள்.

அண்ணன் பெனின் உடைந்த பைபர் வள்ளம் ஒன்றின் முன்பாதியை அறுத்து முற்றத்தில் வைத்தான். அதற்குள் ஒரு சீட், பெல்ட், கழற்றி மாட்டும்படி ஒரு ஸ்டீயரிங். பிரிஜா காலை நீட்டி உள்ளே உட்கார்ந்தாள். பெனின் போனில் நேரம் பார்த்தான். பதினொரு நொடி. பத்து. மறுபடியும் பதினொன்று. பாதத்தை ஊன்றும்போதெல்லாம் வலியில் கண் நிறைந்தது. மூன்றாம் நாள் அவனுக்குப் பொறுக்கவில்லை.

“ஏட்டி, வள்ளத்துல இருந்து எவனாவது காலக் குத்தி எறங்குவானா? அலை வந்து ஒடிச்சிரும். கைய ஊணு, இடுப்பத் தூக்கு, பக்கமா வழுகு. காலு பொறவு தானா வரும்.”

பிறந்ததிலிருந்து தினமும் பார்த்த காரியம். காருக்குள் அது அவளுக்குத் தோன்றவே இல்லை. அன்று சாயங்காலமே எட்டு நொடி ஆனது. ஒரு மாதத்தில் ஆறரை.

ஆரல்வாய்மொழியில் ஒரு கல்லூரி விழாவுக்கு அணியின் காரோடு சபிதா வந்தாள். மைதானத்திலேயே சோதனையை வைத்துக்கொண்டார்கள். மலையடிவாரத்தில் காற்றாலைகள், யாருக்கும் தெரியாத ஓர் ஊரின் நேரத்தைக் காட்டும் கடிகாரங்கள்போலச் சுற்றின. அணியின் மருத்துவர் நாராயணபெருமாள் விசில் ஊதினார்.

பிரிஜாவின் வலது கை நேராக நெற்றிக்குப் போனது. பிறகு மார்பு, இரண்டு தோள்கள். அதற்கப்புறம்தான் பெல்ட்டுக்கு வந்தது. மீன்போல வழுக்கி வெளியே நின்றாள்.

“ஏழு புள்ளி எட்டு” என்றார் மருத்துவர்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பெனின் தலையில் கை வைத்துக்கொண்டான். அவர்கள் கரையில் சிலுவை போடாமல் யாரும் கடலில் இறங்குவதில்லை, வள்ளத்தைவிட்டு இறங்குவதும் இல்லை. முற்றத்திலும் அவன் ‘எறங்கு’ என்பான், அவள் சிலுவை போடுவாள், அந்தக் கை தாழ்ந்த பிறகே அவன் போனை அமுக்குவான். சிலுவைக்கும் நேரம் ஓடும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அவள் வேலியருகே வந்ததும் அவன் தன் தப்பைச் சொன்னான். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் பயம் வந்தது. விசிலுக்கு முன்னாலேயே போட்டுவிடச் சொன்னான் அவன். போட்டாலும் கை மறுபடி தானாகப் போகும், அதைத் தடுக்க நினைத்தாலே ஒரு நொடி போய்விடும் என்றாள் அவள். காரின் பக்கக் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தாள்.

“அண்ணா, எனக்காவ நீ போடு. கண்ணாடியில எனக்குத் தெரியிற மாதிரி நில்லு. போடாம எறங்கினதா இருக்காது.”

அரை மணி நேரம் கழித்து மறுபடி உட்கார்ந்தாள். பக்கக் கண்ணாடிக்குள் பெனின் விரலளவுக்கு நின்றான். விசில் கேட்டது. கண்ணாடியில் அவன் கை நெற்றிக்கு ஏறியது. அவள் கை பெல்ட்டுக்கு இறங்கியது. பெல்ட் விட்டது, ஸ்டீயரிங் கழன்றது. கையை ஊன்றினாள், இடுப்பு எழுந்தது, வழுகினாள். காலைப் பற்றி நினைக்கவே இல்லை. அது பிறகு தானாக வந்தது.

“ஆறு புள்ளி ஒண்ணு.” இந்த முறை மருத்துவர் விசிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

சபிதா நேராகக் காருக்குப் போனாள். பக்கவாட்டில் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பை நகத்தால் கிளப்பி நீளமாக உரித்தாள். அடியில் பிரிஜாவின் பெயர் ஒரு வருடமாக அப்படியே இருந்தது.

“சனிக்கிழமை கோயமுத்தூர்ல முதல் பந்தயம். வந்துடு” என்றாள்.

பிரிஜா நொண்டிக்கொண்டே வேலிக்கு ஓடினாள். பெனினின் கை இன்னும் இடது தோளிலேயே இருந்தது.

“வலது தோளுக்கு நான் இன்னும் போவலட்டி. அதுக்குள்ள எறங்கி நிக்கிய.”

“உனக்கு எப்பவும் வேகம் போராது மக்கா” என்றாள் அவள். மீதிச் சிலுவையை, வேலிக்குள் கைவிட்டு, அவன் வலது தோளில் தட்டித் தானே முடித்தாள்.