ஒரே நாற்காலிக்கு இரண்டு வைத்தியம்

எங்கள் நாற்காலி ஆலைக்குப் புதிதாக வந்த மேனேஜர் முதல் காரியமாகச் சுவர்களை இடித்தார். வெல்டிங் பிரிவு, பெயின்ட் பிரிவு எல்லாம் இனி கிடையாது; ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு குழு, வெட்டுவதிலிருந்து வண்டியில் ஏற்றுவது வரை அந்தக் குழுவே பொறுப்பு என்றார். பெயின்ட் பிரிவுத் தலைவியாகக் கண்ணாடி அறையில் ராணி மாதிரி இருந்த என்னைத் தூக்கி நர்சரி பள்ளிக் குழுவுக்குத் தலைவியாகப் போட்டார். போகட்டும். ஆனால் அந்தக் குழுவில் வெல்டிங்குக்கு யார்? என் நாத்தனார்.

வீட்டில் பிரிட்ஜை எங்கே வைப்பது என்று ஆரம்பித்த சண்டையில் நாங்கள் முகம் கொடுத்துப் பேசி மாதக்கணக்காகிறது. ஆலையில் நடுவே சுவர் இருந்தவரை பிழைத்தோம். இப்போது ஒரே மேஜை. அவள் வடக்கே பார்த்தால் நான் தெற்கே பார்ப்பேன்.

பள்ளித் தலைமை ஆசிரியை முதலில் ஒரு மாதிரி நாற்காலி கேட்டிருந்தார். பிடித்தால் பள்ளி முழுவதற்கும் ஆர்டர். பிடிக்காவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். தலைவி பதவி போய், நான் மறுபடி ஸ்ப்ரே துப்பாக்கியைத் தூக்க வேண்டியதுதான். அனுப்பிய நாற்காலி குட்டை என்று அந்தத் தலைமை டீச்சர் திருப்பி அனுப்பி, நாத்தனாருக்குப் போன் செய்தார். எதற்கும் இருக்கட்டும் என்று எனக்கும் செய்தார். அவள் என்னிடம் மூச்சு விடவில்லை. நானும்தான். அவள் சத்தமில்லாமல் நாற்காலியின் கால்களை வெல்டிங்கில் நீட்டினாள். அது தெரியாமல் நான் மெனக்கெட்டுக் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் மாட்டினேன்.

டீச்சர் பள்ளியிலிருந்து ஒரு வாண்டையும் கூட்டிக்கொண்டு ஆலைக்கே வந்தார். நாற்காலியில் ஏறிய குழந்தைக்குத் தரை எட்டவில்லை. காலை ஆட்டிக்கொண்டு குஷியாக இருந்தது. டீச்சர் முகம்தான் தொங்கிவிட்டது.

"யாரு உசத்தினது?"

"நான் ரப்பர் மாத்தினேன்," என்றேன்.

"நான் கால நீட்டினேன்," என்றாள் அவள்.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்க மாட்டீங்களா?"

"அது வீட்டு விஷயம் டீச்சர்," என்றாள் நாத்தனார்.

"உட்காரப் போறது என் பிள்ளைங்கம்மா. உங்க வீட்டு விஷயத்துக்கு அதுங்க ஏன் அந்தரத்துல தொங்கணும்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாத்தனார் தொண்டையைச் செருமினாள்.

"அண்ணி, நான் கால வெட்டட்டுமா, நீங்க ரப்பரக் கழட்டறீங்களா?"

அண்ணி என்ற வார்த்தையைக் கேட்டு எவ்வளவு நாளாகிறது. கோபத்தைத் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

"வெட்டாதம்மா. நானே கழட்டறேன். நீ கவுத்துப் பிடி."

அவள் பிடித்தாள், நான் தடித்ததைக் கழற்றிவிட்டுப் பழைய மெல்லிய ரப்பரை மாட்டினேன். குழந்தையின் பாதம் தரையில் பதிந்தது. டீச்சர் ஆர்டரைச் சொல்லிவிட்டு, கிளம்பும்போது தயங்கினார்.

"இனிமே ஏதாவதுன்னா நான் யாருக்குப் போன் பண்றது?"

"யாருக்கு வேணா பண்ணுங்க டீச்சர்," என்றாள் நாத்தனார். "நாங்க பேசிக்கறோம்."