ஐந்தரை கிராம்

தராசில் இருந்த அலுமினியக் கிண்ணத்தை நிசார் அகமது மூன்றாம் முறையாக எடுத்துத் துடைத்து வைத்தார். எண் மாறவில்லை. கிண்ணத்தின் எடை போக ஐந்தரை கிராம்.

நேற்று மாலை அதில் வைத்த, தங்கள் ஆலையில் செய்த சீஸ் பத்து கிராம். ஓவனில் காய்ந்து நாலரை போயிருக்கிறது. ஈரம் நாற்பத்தைந்து சதவீதம். நாற்பதைத் தாண்டக் கூடாது. ரிஜிஸ்டரிலோ தம்பி முனாபின் கையெழுத்தில் முப்பத்தொன்பது.

சுவருக்கு அந்தப் பக்கம் முனாபின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

"எவ்ளோ நேரம் காஞ்சுதும்மா?" என்றார், முனாபின் மகள் அஃப்சானாவிடம்.

"ரெண்டு மணி நேரத்துல அத்தா எடுத்து எழுதிட்டாருங்க பெரியத்தா. எடை நிக்கிற வரைக்கும் காயணும்னேன். நாப்பதத் தாண்டுனா உங்க பெரியத்தா என் மூஞ்சியில முழிக்க மாட்டாருன்னாரு." அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டாள். "படுக்கப் போறப்ப மனசு கேக்காம திரும்ப உள்ள வெச்சாரு."

அது நிசார் சொன்ன வார்த்தைதான். மூன்று மாதத்துக்கு முன், ஆட்கள் எதிரில். அதன் பிறகு ரிஜிஸ்டரில் பக்கத்துக்குப் பக்கம் முப்பத்தொன்பதுதான். அதைப் பார்த்துப் பார்த்துப் பெருமைப்பட்டிருந்தார். ஈரம் கூடினால் சீஸ் உள்ளுக்குள் கெடும், வெளியே தெரியாது. யார் வீட்டுப் பிள்ளை தின்கிறதோ. சீஸ் பெட்டியின் மேல் தங்கள் அத்தாவின் பெயர்.

அந்தச் சீஸை ஏற்றிக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிட்ட வண்டிக்குப் போன் போட்டார்.

"தொப்பூர்ல ஜாமுங்க பாய்," என்றான் டிரைவர் மாதப்பன். "சேதி வந்துச்சு. தங்கமான மனுசங்க."

"வண்டியத் திருப்பிட்டு வா."

"சேலத்துக்காரங்க கேட்டா? சின்ன பாய் கணக்குல தப்புன்னு சொல்லட்டுங்களா?"

தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது.

"என் தப்புன்னு சொல்லு."

முப்பத்தொன்பதை அடித்து நாற்பத்தைந்து என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். முந்தைய பக்கங்களைப் புரட்டக் கை வரவில்லை.

பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் அண்ணன்தான் பேச வேண்டும். போனவனுக்காக மன்னிப்புக் கேட்க வேண்டும். நிமிர்ந்து நின்றார்.

"நாங்க யாருக்காச்சும் கெடுதல் பண்ணியிருந்தா மன்னிச்சிருங்க."

முனாபைச் சுமந்த சந்தூக் பெட்டி அடக்கத்துக்கு மையவாடிப் பக்கம் திரும்பும் முனையில், திரும்பி வந்த சீஸ் வண்டி ஓரங்கட்டி நின்றிருந்தது. மாதப்பன் இன்ஜினை அணைத்துவிட்டு, துண்டைக் கையில் பிடித்தபடி கீழே நின்றான். பின்கதவின் அடியிலிருந்து குளிர்ப்பெட்டித் தண்ணீர் சொட்டித் தார்ச்சாலையில் கோடாக ஓடியது. சுமந்து வந்தவர்கள் அதை மிதித்துக்கொண்டு போனார்கள். நிசாரும் தோளை மாற்றாமல் மிதித்து நடந்தார்.