கூப்பிட்ட குரலுக்கு

துடுப்பின் பிடியால் ஜோசயா மறுபடி ஓங்கி அடித்தபோது சைலஸின் மணிக்கட்டு முறிந்த சத்தம் ஹேட்டிக்குக் கேட்டது. அவள் கணவன் சைலஸ் கத்தவில்லை. ஏரிக்கரைச் சகதியில் மல்லாந்து கிடந்தான்.

"எந்திரிடா! என் தம்பி நின்ன மாதிரி நில்லு, உன்னையும் சுடுறேன்."

"சுடு மச்சான்," என்றான் சைலஸ்.

ஹேட்டி அண்ணனின் முதுகைப் பிடித்துத் தொங்கினாள். அவன் உதறியதில் படகு விளிம்பில் இடித்து அவள் உதடு கிழிந்தது. படகுக்கு அந்தப் பக்கம், தார்ப்பாயின் மேல், அவர்கள் தம்பி கிளாரன்ஸ் கிடந்தான். நெஞ்சில் குண்டு நுழைந்த இடம் சின்னது. முதுகை அவள் ஒரு தடவைதான் பார்த்தாள்.

"வேணும்னே சுட்டிருக்கான். வழியெல்லாம் கேலி பண்ணான்ல, அந்தக் கடுப்பு!" என்று ஜோசயா கத்தினான்.

கேலி செய்தது உண்மைதான். மச்சான்கள் கேலி செய்யாமல் இருந்தால்தான் ஊர் சந்தேகப்படும். மூஸ் என்னும் பெரிய கொம்பு மானை வேட்டையாட, ஏரிக்கு ஏரி படகைத் தலையில் சுமந்து வந்த வழி முழுக்க கிளாரன்ஸ் வாய் மூடவில்லை. "மச்சான் ஊதினா மூஸ் வராது. யாருக்கோ வயித்து வலின்னு நர்ஸம்மாதான் ஓடி வருவாங்க." பிர்ச் மரப் பட்டையைக் கூம்பாகச் சுருட்டிய குழலை வாயில் வைத்துப் பெண் மூஸைப் போல சைலஸ் அழைப்பான். இத்தனை வருஷத்தில் அவன் குரலுக்கு ஓர் ஆண் மூஸ் கூட வந்ததில்லை.

இன்று விடியலில், வலையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளாரன்ஸ் போன பிறகு, சைலஸ் கரைமுனையில் உட்கார்ந்து ஊதினான். புதருக்குள்ளிருந்து உறுமல் வந்தது. மரத்தில் கொம்பு உரசும் சத்தம் வந்தது. கிளை ஆடியதும் சுட்டான். சைலஸ் சொன்னது இவ்வளவுதான். ஜோசயா நம்பவில்லை.

இப்போது அவன் கண் துப்பாக்கியின் மேல் போனது. ஹேட்டி முந்திக்கொண்டு அதை எடுத்தாள்.

"தம்பி தொப்பியக் காணோம். வெறுந்தலையோட அம்மாகிட்ட கொண்டு போகமாட்டேன்."

துப்பாக்கியோடு தேடிப் போனாள். தொப்பி கரைமுனைப் புதரடியில் கிடந்தது. பக்கத்தில் ஒரு பழைய மூஸின் தோள்பட்டை எலும்பு, விளிம்பில் பச்சை மரப்பட்டை ஒட்டியிருந்தது. ஆண் மூஸின் கொம்புச் சத்தம் வேண்டுமென்றால் அவர்கள் எல்லோரும் அப்படி ஓர் எலும்பைத்தான் மரத்தில் தேய்ப்பார்கள். உறுமியவனும் தேய்த்தவனும் கிளாரன்ஸ்தான். மச்சானை ஏமாற்ற இவ்வளவு தூரம் சுற்றி வந்திருக்கிறான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பான். செத்துக் கிடந்த தம்பியை இழுத்துப் போட்டு அடிக்க வேண்டும் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது.

எலும்பை ஜோசயாவின் காலடியில் எறிந்தாள். அவன் எடுத்துப் புரட்டினான். பட்டையை நகத்தால் சுரண்டினான்.

"கழுத," என்றான். "கிறுக்குக் கழுத." அப்படியே சகதியில் உட்கார்ந்துவிட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து சைலஸின் வீங்கிய கையைப் பார்த்தான். "துடுப்பு பிடிக்க முடியுமா?"

"முடியாது."

"காத்து ஏறுது. ஹேட்டி, நீ முன்னாடி உக்காரு."

படகின் நடுவில் சைலஸ் கிளாரன்ஸின் தலையை மடியில் வைத்துக்கொண்டான். அலை விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்தது. அடியில் சேர்ந்த சிவந்த தண்ணீரை அள்ள வேறு எதுவும் கைக்கு அகப்படாமல், பட்டைக் குழலின் சின்ன வாயை விரலால் அடைத்துக்கொண்டு, நல்ல கையால் அதிலேயே அள்ளினான்.

கரைமுனையைத் திரும்பும்போது ஹேட்டியின் துடுப்பு நின்றது. புதரை விலக்கிக்கொண்டு ஓர் ஆண் மூஸ் இறங்கி வந்து முழங்கால் தண்ணீரில் நின்றது. காலையில் கூப்பிட்டவளைத் தேடியது. துப்பாக்கி ஹேட்டியின் காலடியில் கிடந்தது. யாரும் எடுக்கவில்லை.

சைலஸ் மடியை நோக்கிக் குனிந்தான். "வந்துருச்சு மச்சான்."

"அள்ளு," என்றான் ஜோசயா. "தண்ணி ஏறுது."

சைலஸ் குழலில் அள்ளி ஏரிக்குள் ஊற்றினான். பெண் மூஸ் தண்ணீரில் நிற்பது போலக் கேட்ட அந்தச் சத்தத்துக்கு மூஸின் காதுகள் இரண்டும் படகுப் பக்கம் திரும்பின.