ரூத் செய்யாத ஜெபம்

"நான் ஜெபம் பண்றேன்க்கா" என்று ரூத் சொன்னபோது அவள் கை நிற்கவில்லை. இடது கை செப்புக் கம்பியைத் தாங்கியிருந்தது, வலது கை கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஸ்ரீபெரும்புதூரில் ஸ்டெபிலைசர் செய்யும் அந்தச் சின்ன கம்பெனியில் பெண்களுக்குச் சுருள் சுற்றும் வேலை. பார்க்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கம்பியின் மேல் மெல்லிய எனாமல் பூச்சு உண்டு. அதில் ஓரிடத்தில் கீறல் விழுந்தாலும் பக்கத்துச் சுற்றோடு தொட்டுக்கொண்டு மின்சாரம் குறுக்கே போய்விடும். வெளியில் பார்த்தால் சுருள் ஒழுங்காகவே தெரியும். அதனால் கம்பி மேலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்பதுதான் அங்கே முதல் பாடம்.

பக்கத்து மிஷினில் உட்காரும் சந்திரம்மாள் அன்று லீவு சொல்ல வந்திருந்தாள். அவள் புருஷன் சுப்பராயனுக்கு ஒரகடத்தில் ஒரு பட்டறையில் வேலை. உளியின் தலை சுத்தியலால் அடிவாங்கி அடிவாங்கிக் காளான் போல விரிந்துவிடும். விரிந்த விளிம்பை அவ்வப்போது தேய்த்து எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் அடித்தால் ஒருநாள் சில்லு தெறிக்கும். தெறித்த சில்லு சுப்பராயனின் வலது கண்ணுக்குள் போய்விட்டது. எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

"பார்வ வருமா வராதான்னு டாக்டரே சொல்ல மாட்டேன்றாரு. உங்க சாமிகிட்ட ஒரு வார்த்த சொல்லு ரூத்து. நீ சொன்னா கேப்பாருன்றாங்க."

அப்படி ஒரு பேர் ரூத்துக்கு இருந்தது உண்மை. சபையில் ஆராதனை முடிந்ததும் போதகர் கண் அவளைத்தான் தேடும். அவள் எழுந்து ஜெபித்தால் வாக்கியத்துக்கு வாக்கியம் தடையில்லாமல் வரும், பின்வரிசைக் கிழவிகள் அழுவார்கள்.

"ஜெபம் பண்றேன்" என்பது எப்படிப்பட்ட சொல் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். கிறிஸ்தவக் குடும்பங்களில் அது பாதி வாக்கு, பாதி விடைபெறுதல். யாராவது கஷ்டத்தைச் சொன்னால் சும்மா கேட்டுவிட்டு அனுப்ப முடியாது. இந்தச் சொல்லைச் சொன்னால் கேட்டவருக்கும் ஆறுதல், சொன்னவருக்கும் நிம்மதி. பலர் அதைக் காப்பாற்றவும் செய்வார்கள். ரூத்தும் காப்பாற்றத்தான் நினைத்தாள். ஆனால் மறுநாளிலிருந்து பக்கத்து மிஷின் காலியாக இருந்தது. கண்ணில் படாத சந்திரம்மாள் மனத்திலிருந்தும் நழுவிப் போனாள்.

ஜூலை கடைசியில் சந்திரம்மாள் வேலைக்குத் திரும்பி வந்தாள். வந்ததும் ரூத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"காந்தம் வெச்சு இஸ்துட்டாங்க ரூத்து. நம்ம சுத்துறோமே, அதே மாரி கம்பிச் சுருளாம், நடுவுல இரும்பாம். கரண்டு வுட்டா காந்தமாயிடுதாம். சில்லு தானா வெளிய வந்துச்சாம். இப்ப ஆளு தெரியுது அவருக்கு. பஸ் நம்பர் தெரியல, ஆனா பஸ் வர்றது தெரியுது. எல்லாம் உன் ஜெபம்."

ஜெபத்தில் ஒருமுறைகூடத் தான் சுப்பராயன் பேரைச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் ரூத்துக்கு நினைவு வந்தது.

"ஞாயித்துக்கெழம உங்க கோயிலுக்கு வரேன். எழுந்து நின்னு சாட்சி சொல்லுவாங்களாமே. ரூத்து ஜெபத்தாலதான் பார்வ வந்துச்சுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லப்போறேன்."

அன்று சாயங்காலம் ரூத் கணவன் அருள்நாதனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் சிரித்தான். "சொல்லிட்டுப் போவட்டுமே. மகிம கர்த்தருக்குத்தான."

"கர்த்தருக்குன்னு சொல்லிக்கினு எல்லாரும் என்னத்தான பாப்பாங்க."

சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு முழங்காலிட்டாள். நேற்றும் நாளையும் கடவுளுக்கு ஒன்றுதானே, இப்போது ஜெபித்தால் கடந்துபோன நாட்களின் கணக்கில் சேராதா என்று ஒரு யோசனை. கெட்டிக்காரத்தனமான யோசனைதான். வாய் திறந்ததும் வாக்கியங்கள் வரிசையாக வந்தன. கிருபையுள்ள பரம தகப்பனே என்று தொடங்கி, குரல் தாழ வேண்டிய இடத்தில் தாழ்ந்து, உயர வேண்டிய இடத்தில் உயர்ந்தது. நடுவில் அவளே நிறுத்திவிட்டாள். பின்வரிசைக் கிழவிகள் அங்கே இல்லை. அவர்கள் இல்லாமல் அந்தக் குரல் யாருக்காக உயர்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமாகக் கடவுளைப் பற்றி நன்றாகப் பேசியிருக்கிறாள். அவரிடம் பேசியதுண்டா?

சனிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், டிபன் பாக்ஸைத் திறக்காமலே சொன்னாள்.

"அக்கா, நான் உங்க வூட்டுக்காரருக்காக ஜெபம் பண்ணல."

சந்திரம்மாள் பிசைந்த சோற்றோடு நிமிர்ந்தாள். "இன்னா?"

"பண்றேன்னு சொன்னேன். மறந்துட்டேன்."

"ஒரு வார்த்த கூடவா?"

"இல்லக்கா."

"அடிப்பாவி." சந்திரம்மாள் கையை உதறினாள். "நான் தெனம் பஸ்ல போவசொல்ல, 'ரூத்து சொல்லிச்சே, இன்னா ஆச்சு'ன்னு அவராண்ட கேட்டுக்கினே போனேனே. நீ குடுக்காத மனுவுக்கு நான் பதில் கேட்டுக்கினு இருந்துகீறேன்."

"யாராண்ட கேட்டீங்க?"

"உங்க சாமியாண்டதான். மே மாசம் நம்மூர் கூட்டத்துல குண்டு வெடிச்சு அந்தத் தலைவரு செத்ததுக்கு அப்பால வழியெல்லாம் போலீஸு. பஸ்ஸ நிறுத்தி நிறுத்திப் பைய பாக்குறான். எழும்பூர் போய்ச் சேர்றதுக்குள்ள ஒரு யுகம் ஆவுது. வேற இன்னா பண்றது?"

"இன்னா பேசுனீங்க?"

"மொதல்ல உன் பேரச் சொல்லுவேன். அவருக்கும் எனக்கும் பழக்கம் கெடயாதில்ல. ரூத்து கூட வேல செய்யிறவ நான்னு சொல்லுவேன். போவப்போவ உன் பேரு மறந்தே பூட்ச்சு. இந்தாளு சோறு துன்ன மாட்டேன்னு அடம் பண்ணது, நர்ஸம்மா திட்னது, ஒருத்தன் என் கால மிதிச்சிட்டு என்னையே மொறச்சது, எல்லாத்தையும் சொல்லுவேன். ஒருநாள் கோவம் வந்து, 'கண்ண படைச்சவன் நீதான, இன்னா பாத்துக்கினு கீற'ன்னு கேட்டுட்டேன்."

"பதில் சொன்னாரா?"

"நீ வேற. கேட்டுக்கினு இருந்தாரு."

"அது எப்டிக்கா தெரியும்?"

சந்திரம்மாள் அவளை ஒரு கணம் பார்த்தாள். "உன்கிட்ட பேசுனா கம்பி மேல கண்ண வெச்சுக்கினே 'உம்' கொட்டுவியே, அந்த மாரி இல்ல."

ரூத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாளைக்கு வரேன்" என்றாள் சந்திரம்மாள், டிபன் பாக்ஸை மூடியபடி. "உன் பேரச் சொல்ல மாட்டேன். உம்மேல கோவம் கீது. அது தனி."

ஞாயிறன்று வந்தாள். எழுந்து நின்று நாலே வரி சொன்னாள், உட்கார்ந்தாள். ரூத்தின் பக்கம் திரும்பவில்லை. ஆராதனை முடிவில் போதகர் வழக்கம்போல ரூத்தைப் பார்த்தார். அவள் எழுந்தாள். வாக்கியங்கள் நாக்கின் நுனியில் தயாராக நின்றன. "வேற யாராச்சும் பண்ணட்டும் ஐயா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பெஞ்சில் சலசலப்பு. வேறொருவர் தட்டுத்தடுமாறி ஜெபித்தார்.

அருள்நாதனைச் சைக்கிளில் முன்னால் அனுப்பிவிட்டு, தண்டலம் சாலையோரமாக அவள் தனியே நடந்தாள். லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. பேச வேண்டும் என்று இருந்தது. எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. இத்தனை காலம் அழைத்த பட்டங்கள் எல்லாம் யாரோ பெரிய மனிதரைக் கூப்பிடுவதுபோல் இருந்தன. கொஞ்ச தூரம் சும்மாவே நடந்தாள். ஒரு லாரியின் இரைச்சல் அடங்கும்வரை காத்திருந்து, மெல்லச் சொன்னாள்.

"சந்திரம்மா அக்காவ உங்களுக்குத் தெரியுமே. அவங்க கூட வேல செய்யிறவ நான்."

எதிரே வந்த சைக்கிள்காரன் திரும்பிப் பார்த்தான். அவள் நிறுத்தவில்லை. அக்கா தன்மேல் கோபமாக இருப்பதைச் சொன்னாள். அது நியாயம்தான் என்றும் சொன்னாள்.