நெருப்புக்கு மேலே இரண்டு கைகள்

காலையில் அடுப்பிலிருந்து கஞ்சிப் பானையை இறக்கும்போது உலீதாவின் புத்தி எங்கேயோ இருந்தது. துணி எடுக்க மறந்து வெறுங்கையால் பிடித்துவிட்டாள். இரண்டு உள்ளங்கைகளும் கொப்பளித்துப் போயின.

புத்தி எங்கே போயிருக்கும்? இன்று குபாலா திருவிழா. பொழுது சாய்ந்ததும் ஆற்றங்கரையில் நெருப்பு மூட்டுவார்கள். நிச்சயமான ஜோடிகள் கைகோத்து அதைத் தாண்ட வேண்டும். நெருப்புக்கு மேலே பிடி பிரிந்தால் அந்த ஜோடி நிலைக்காது.

இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள் உண்டு. உலீதாவுக்கு நிச்சயமான நெஸ்தரின் அம்மா மோத்ரியா அந்த ரகம் இல்லை. அவளுடைய மூத்த மகனும் அவனுக்கு நிச்சயமானவளும் போன வருஷத்துக்கு முந்தின குபாலாவில் கை பிரிந்துதான் இறங்கினார்கள். கல்யாணம் என்னவோ நடந்தது. அடுத்த அறுவடைக்குள் மருமகள் மூட்டை கட்டிவிட்டாள்.

"இந்தத் தடவை பிடி பிரிஞ்சா, நிச்சயத்துக்கு உங்க வீட்டுல குடுத்த பூவேலைத் துண்டைத் திருப்பி அனுப்பிருவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாத" என்று உலீதாவின் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தாள். செய்யக்கூடியவள்தான்.

சாயங்காலம் உலீதா கைகளை இடுப்பில் கட்டிய முன்துணிக்குள் சுருட்டிக்கொண்டு நின்றாள். தலையில் சூடிய பூவளையம் கண்ணில் இறங்கியபோதும் கையை வெளியே எடுக்கவில்லை.

"என்ன, கையை ஒளிச்சு வச்சிருக்க?" என்றான் நெஸ்தர்.

"குளிருது."

"நெருப்புக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டா? எங்கம்மாவைப் பார்த்துக் குளிருதுன்னு சொல்லு, நம்புறேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். சொன்னால் இவன் பூ மாதிரித் தொடுவான். அந்தப் பிடி ஓடும்போதே நழுவிவிடும்.

"இறுக்கிப் பிடி நெஸ்தர். நான் கத்தினாலும் விடாத."

"சரிம்மா தாயே" என்று அவள் கையைப் பற்றினான்.

ஓடினார்கள். நாலாவது அடியிலேயே கொப்புளம் உடைந்தது. உயிர் போகிற வலி. உதட்டைக் கடித்துக்கொண்டு எம்பினாள். வெப்பம் முகத்தில் அடித்த நொடியில் தொண்டையிலிருந்து ஒரு முனகல் தப்பியது. நெஸ்தர் திரும்பிப் பார்த்தான். அவன் விரல்கள் திறந்துகொண்டன.

அந்தப் பக்கம் ஆளுக்கொரு இடத்தில் விழுந்தார்கள். பாட்டு நின்றுபோயிற்று. உலீதாவுக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றியது.

மோத்ரியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "யாரு விட்டது?"

"நான்தான்" என்றார்கள் இருவரும்.

"அவ இல்லம்மா. அவளுக்கு என்னமோ வலி. நான்தான் விட்டேன்."

"பொய் சொல்றான் அத்தை. நழுவ விட்டது நான். அவனைத் திட்டாதீங்க."

"நீ சும்மா இரு உலீதா."

"நீ சும்மா இரு."

மோத்ரியா உலீதாவின் கையை வெடுக்கென்று இழுத்து வெளிச்சத்தில் விரித்தாள். தோல் உரிந்து தொங்கியது.

"இதோடயாடி ஓடி வந்த?"

மோத்ரியா தன் தலைத்துணியை அவிழ்த்துக் கிழித்து, அந்தக் கையில் சுற்ற ஆரம்பித்தாள்.

"மூத்தவனும் அவளும் இதே இடத்துலதான் விழுந்தாங்க" என்றாள், யாரையும் பார்க்காமல். "எழுந்திருக்கிறதுக்கு முன்னாடியே, நீதான் விட்ட, நீதான் விட்டன்னு அடிச்சுக்கிட்டாங்க."

முடிச்சைப் போட்டுவிட்டு மகன் பக்கம் திரும்பினாள்.

"துண்டு நம்ம பெட்டியிலயே இருக்கட்டும். போய் புண்ணுக்குத் தடவ வெண்ணெய் எடுத்துட்டு வாடா."